ஹீட் பிரஸ்: சரியான அளவை நாமே கண்டுபிடிப்பது எப்படி?



நமது அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனில் ஹீட் பிரஸ் வாங்கிய சகோதரி ஒருவர் சில வாரங்களுக்கு முன் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பெரிய பை. அதை மேசைமேல் வைத்துவிட்டு, "மெஷினை நீங்களே திரும்ப எடுத்துக்குங்க பாய். எனக்கு இது சரிப்படாது" என்றார்.

பைக்குள் 24 ஜெர்சிகள். ஒரு கபடி அணிக்காகத் திருப்பூர் போய்த் தம் கைக்காசில் வாங்கி, பெயரும் எண்ணும் அச்சிட்டுக் கொடுத்தவை. அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. முதல் ஆறு ஜெர்சிகளில் முதுகில் உள்ள எண் பளிச்சென்று இருந்தது. அதற்கு மேலே காலரை ஒட்டிய பெயர் மட்டும் வெளிறியிருந்தது. சூடு போதவில்லை என்று நினைத்து அடுத்தவற்றுக்குச் சூட்டை 215 டிகிரிக்கு ஏற்றியிருக்கிறார். நேரத்தையும் கூட்டியிருக்கிறார். அவற்றில் துணி பளபளவென்று ஆகி, சற்றே மஞ்சள் தட்டி, பேப்பரின் ஓரம் சட்டம் போட்டதுபோல் பதிந்துவிட்டது. பெயரோ அப்போதும் வெளிறியே இருந்தது.

"நீங்க எழுதிக் கொடுத்த அளவுலதானே பாய் ஆரம்பிச்சேன்?" என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. ஏனென்றால் அது உண்மை. இயந்திரத்தோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்திருந்தோம். அதில் "200 டிகிரி, 60 விநாடி" என்று எழுதியிருந்தோம். இங்க் பாக்கெட்டில் இருந்ததைப் பார்த்து எழுதிய அளவு அது. கற்றுக்கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்தது எங்கள் தவறு. இந்தக் கட்டுரை அந்தத் தவறுக்குப் பரிகாரம். ஹீட் பிரஸ் வைத்திருக்கும் குடும்பங்களும், வாங்க நினைப்பவர்களும் இதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சப்ளிமேஷன் என்றால் என்ன?

பீரோவில் போடும் பாச்சை உருண்டை நாளாக நாளாகச் சிறுத்துக்கொண்டே போகிறது. ஆனால் அது உருகித் துணியை நனைப்பதில்லை. திடப்பொருள் திரவமாகாமல் நேராக ஆவியாகிறது. கற்பூரமும் அப்படித்தான். இதற்குத்தான் சப்ளிமேஷன் என்று பெயர், தமிழில் பதங்கமாதல். அரபியில் தஸ்ஈத் என்பார்கள். நவச்சாரத்தை இப்படி ஆவியாக்கிப் படியவைக்கும் முறை அர்-ராஸி போன்ற பழைய இரசாயன அறிஞர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நம் இயந்திரத்தில் நடப்பதும் அதுவே. பேப்பரில் அச்சான சாயம், ஏறத்தாழ 180 முதல் 210 டிகிரிக்குள் ஆவியாகிறது. அதே சூட்டில் பாலியெஸ்டர் இழை இளகி அந்த ஆவிக்கு இடம் கொடுக்கிறது. துணி ஆறியதும் இழை மறுபடி இறுகிக்கொள்ள, சாயம் உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் கையால் தடவினால் அச்சு தட்டுப்படுவதில்லை, துவைத்தாலும் உரிவதில்லை.

பாலியெஸ்டர் உருகுவது ஏறத்தாழ 255 டிகிரியில். ஆனால் அதற்கு வெகு முன்பே அது பளபளக்கவும் சுருங்கவும் தொடங்கிவிடும். ஆக, சாயம் முழுமையாக ஆவியாகும் சூட்டுக்கும் துணி கெடத் தொடங்கும் சூட்டுக்கும் நடுவே நமக்கு இருப்பது ஒரு குறுகிய சந்து. அந்தச் சந்தில் நம் இயந்திரத்துக்கும் நம் துணிக்கும் பொருந்தும் இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பாடம்.

முதலில் துணியைப் பாருங்கள்

திருப்பூர் வட்டாரம் பருத்தியில் வளர்ந்தது. இங்கே முதல் பனியன் கம்பெனியை 1925-இல் குலாம் காதர் என்பவர் பேபி நிட்டிங் என்ற பெயரில் தொடங்கியதாக வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அன்று முதல் நமக்குப் பனியன் என்றால் பருத்திதான். நல்ல துணி என்றாலும் பருத்திதான். ஆனால் இந்தத் தொழிலுக்கு அந்த நல்ல துணி உதவாது. பருத்தி இழை இந்தச் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. அச்சிட்டவுடன் ஓரளவு தெரியும், இரண்டு மூன்று சலவையில் போய்விடும்.

கலப்புத் துணியில் பாலியெஸ்டர் எவ்வளவு உண்டோ அவ்வளவுதான் நிறம் நிற்கும். 65 விழுக்காடு பாலியெஸ்டர் உள்ள துணியில் பழைய அச்சுபோல மங்கலாக வரும். அது தெரிந்தே வேண்டும் என்பவருக்கு மட்டும் செய்யலாம். பளிச்சென்ற நிறத்துக்கு முழுப் பாலியெஸ்டர் வேண்டும். துணி வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்க வேண்டும். இந்த முறையில் வெள்ளை இங்க் கிடையாது. எனவே கறுப்புத் துணியில் எதை அச்சிட்டாலும் தெரியாது. பருத்திக்கோ கறுப்புத் துணிக்கோ ஆர்டர் வந்தால் டிடிஎஃப் அல்லது ஸ்கிரீன் பிரிண்ட் செய்பவர்களிடம் அனுப்பிவிடுங்கள்.

கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். துணியின் ஓரத்திலிருந்து நான்கு நூல் உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்துத் தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். பருத்தியானால் காகிதம் எரியும் வாடை வந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டரானால் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். சூடாக இருக்கும்போது அந்த மணியைத் தொடக்கூடாது. குழந்தைகளைப் பக்கத்தில் விடவும் கூடாது.

சூடு, நேரம், அழுத்தம்

இயந்திரத்தில் நாம் மாற்றக்கூடியவை மூன்று. சாயத்தை ஆவியாக்குவது சூடு. அந்த ஆவி இழைக்குள் இறங்க அவகாசம் கொடுப்பது நேரம். பேப்பரும் துணியும் இடைவெளியின்றி ஒட்டியிருக்கச் செய்வது அழுத்தம். இவற்றில் ஒன்று குறைந்தால் இன்னொன்றை ஏற்றிச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான நஷ்டம் தொடங்குகிறது.

தொடக்கத்துக்கு உதவும் அளவுகள் இவை. இவற்றை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம்.

- பாலியெஸ்டர் ஜெர்சி, டி-ஷர்ட்: 190 முதல் 200 டிகிரி, 45 முதல் 60 விநாடி, நடுத்தர அழுத்தம்.
- மவுஸ் பேடு: 190 முதல் 200 டிகிரி, 45 முதல் 60 விநாடி, நடுத்தர அழுத்தம்.
- பூச்சுள்ள அலுமினியத் தகடு: 200 டிகிரி, 60 முதல் 80 விநாடி.
- பூச்சுள்ள மக்: 180 முதல் 200 டிகிரி, இரண்டரை முதல் நான்கு நிமிடம். பாத்திரக் கடையில் வாங்கிய சாதாரணக் கோப்பையில் பாலிமர் பூச்சு இருக்காது. அதில் அச்சு நிற்காது.

இயந்திரத்தைச் சோதியுங்கள்

அந்தச் சகோதரியின் ஜெர்சிகளை, திருப்பூரில் பல ஆண்டுகள் பிரிண்டிங் வேலை பார்த்த நம் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரிடம் காட்டினோம். அவர் துணியைப் பார்த்த நேரத்தைவிட அது இயந்திரத்தில் எப்படிக் கிடந்தது என்று விசாரித்த நேரம்தான் அதிகம். சகோதரி ஒரு ஜெர்சியைத் தட்டின் மேல் விரித்துக் காட்டினார். காலரும் தோள்பட்டைத் தையலும் தட்டின் மேலேயே கிடந்தன. பெரியவர் சொன்னார்: "இது சூட்டுக் குறை இல்லம்மா, அழுத்தக் குறை. காலர் தடிமனா இருக்கு. மேல் தட்டை அது தூக்கிப் பிடிச்சிருக்கு. பக்கத்துல இருக்கிற பேருக்கு அழுத்தமே போகலை. நீ 250 வச்சாலும் பேரு தெளியாது."

காலரையும் தையலையும் தட்டுக்கு வெளியே தொங்கவிட்டு, அச்சு விழும் இடம் மட்டும் தட்டில் இருக்கும்படி வைத்தார். வெளியே விட முடியாதபோது, அச்சு விழும் இடத்துக்கு அடியில் மட்டும் சூடு தாங்கும் ஸ்பாஞ்ச் வைத்து உயர்த்தலாம் என்றார். எங்கள் சீட்டிலிருந்த அளவு தைக்காத தட்டையான துணிக்கு உரியது. தைத்த ஜெர்சிக்கு ஒரு காலர் உண்டு என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

ஒவ்வொருவரும் தம் இயந்திரத்தில் செய்ய வேண்டிய சோதனைகள் இரண்டு.

முதலாவது அழுத்தம். இயந்திரம் அணைந்து ஆறியிருக்கும்போது, நான்கு மூலைகளிலும் நடுவிலும் சாதாரணக் காகிதத்தைப் பட்டையாக வெட்டி வைத்து மூடுங்கள். ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் காகிதம் வழுக்கி வந்தால் அங்கே அழுத்தம் குறைவு. முதலைவாய் போலத் திறக்கும் வகை இயந்திரத்தில், தடித்த பொருளை வைத்தால் கீல் இருக்கும் பின்பக்கம் அதிகம் அழுந்தும், முன்பக்கம் குறையும்.

இரண்டாவது சூடு. திரையில் காட்டும் எண், தட்டில் ஒரு புள்ளியில் உள்ள உணரியின் சூடு மட்டுமே. ஓரங்களில் அதைவிடக் குறைந்திருக்கலாம். ஒரே நிறக் கட்டத்தை ஐந்து முறை அச்சிட்டு, நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வொன்றாக வைத்து ஒரே அழுத்தில் எடுங்கள். காகிதப் பட்டை நன்றாகப் பிடித்த மூலையிலும் நிறம் வெளிறினால் அங்கே சூடு குறைவு. அந்த மூலையைத் தவிர்த்து வேலை செய்யுங்கள், அல்லது மெக்கானிக்கை அழையுங்கள்.

துண்டுச் சோதனை

இனி அளவைக் கண்டுபிடிப்போம். எந்தத் துணியில் ஆர்டரோ அதே துணியின் வெட்டுத் துண்டுகள் வேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு ஜெர்சியைச் சோதனைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். 24 போவதைவிட ஒன்று போவது மேல்.

1. கறுப்பு, சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள், ஒரு மெல்லிய கோடு, ஒரு சிறிய எழுத்து வரிசை, முடிந்தால் ஒரு முகப் படம் ஆகியவற்றை ஒரு பட்டையில் அமைத்து, அதே பட்டையைப் பலமுறை அச்சிடுங்கள். கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிட மறக்க வேண்டாம். பேப்பரில் நிறம் மங்கலாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து இங்க்கைக் கூட்டாதீர்கள்.

2. பேப்பர் நன்றாகக் காயட்டும். துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சு, தூசியை டேப்பால் ஒற்றி எடுங்கள். ஒரு சிறு பஞ்சுகூட வெள்ளைத் துணியில் நீலப் புள்ளியாகப் பதிந்துவிடும். பிறகு வெறும் துணியை 5 முதல் 10 விநாடி அழுத்தி ஈரத்தைப் போக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இது கட்டாயம்.

3. முதலில் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சூடு 195, அழுத்தம் நடுத்தரம் என்று நிறுத்திவிட்டு 35, 45, 55, 65 விநாடிகளில் நான்கு துண்டுகள் எடுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் அளவைக் குறியுங்கள்.

4. துண்டுகள் முழுமையாக ஆறிய பிறகு பகல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் பாருங்கள். டியூப்லைட்டில் முடிவு செய்ய வேண்டாம். எந்தத் துண்டுக்குப் பிறகு நிறம் மேலும் கூடவில்லையோ அதுவே உங்கள் நேரம்.

5. அந்த நேரத்தை நிறுத்திவிட்டு, இப்போது சூட்டை மட்டும் மாற்றுங்கள்: 185, 190, 195, 200, 205. மறுபடி வரிசையாக வைத்துப் பாருங்கள்.

6. கடைசியாக அழுத்தத்தை ஒரு சுற்றுக் கூட்டியும் குறைத்தும் இரண்டு துண்டுகள் எடுங்கள்.

7. தேர்ந்தெடுத்த துண்டைத் துவைத்துக் காயவைத்துப் பார்த்த பிறகே ஆர்டரைத் தொடங்குங்கள்.

இதில் விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அந்தச் சகோதரி சூட்டையும் நேரத்தையும் ஒன்றாக ஏற்றினார். எது துணியைக் கெடுத்தது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. நிறம் முழுமையாக வந்துவிட்ட அளவுகளில் மிகக் குறைந்த சூட்டையும் குறைந்த நேரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். துணிக்கும் நல்லது, மின்கட்டணத்துக்கும் நல்லது.

பிழை சொல்லும் செய்தி

துணி முழுவதும் ஒரே மாதிரி வெளிறியிருந்தால் சூடோ நேரமோ குறைவு. ஒரு பக்கம் மட்டும் வெளிறியிருந்தால் முதலில் அழுத்தத்தைப் பாருங்கள். எழுத்தின் ஓரம் பரவி, துணி மஞ்சள் தட்டியிருந்தால் சூடோ நேரமோ அதிகம்.

எழுத்துக்குப் பக்கத்தில் நிழல்போல இரண்டாவது எழுத்து தெரிந்தால் பேப்பர் நகர்ந்துவிட்டது என்று பொருள். சூடு தாங்கும் டேப்பால் பேப்பரை ஒட்டுங்கள். மூடியை வெடுக்கென்று திறக்காதீர்கள். திறந்த பின்னும் சாயம் சற்று நேரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். எனவே பேப்பரை ஒரே இழுப்பில் எடுத்துவிடுங்கள். மறுபடி துணிமேல் விழவிடாதீர்கள். சூடான ஜெர்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் கூடாது. ஒன்றின் நிறம் மற்றொன்றில் ஏறும்.

பேப்பரின் ஓரம் சதுரமாகப் பதிந்தால் அழுத்தத்தைக் குறையுங்கள், அல்லது பேப்பரின் ஓரங்களைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்துவிடுங்கள். கிழிந்த ஓரம் கோடு போடாது. தேவையற்ற இடத்தில் நிறக் கறை தெரிந்தால், முந்தைய வேலையின் சாயம் டெஃப்லான் ஷீட்டில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு ஜெர்சிக்கும் மேலேயும் கீழேயும் புது பட்டர் பேப்பர் வையுங்கள். சட்டைக்குள்ளும் ஒன்று வையுங்கள். இல்லாவிட்டால் முதுகின் நிறம் நெஞ்சுப் பக்கம் இறங்கும்.

முதல் ஜெர்சி நன்றாக வந்து இருபதாவது கெட்டால் துணியைக் குறை சொல்லாதீர்கள். வேலை ஓட ஓடக் கீழ்த் தட்டும் சூடேறிவிடும். அப்போது அதே 55 விநாடி அதிகமாகிவிடும். மாறாக, இடைவெளி விடாமல் அழுத்தினால் மேல் தட்டு சூட்டை இழந்து நிறம் வெளிறும். திரையில் எண் மறுபடி ஏறும்வரை பொறுங்கள். ஐந்து ஜெர்சிக்கு ஒருமுறை முதல் ஜெர்சியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஒரு நோட்டு வேண்டும்

மேலே சொன்ன அர்-ராஸி, தம் கிதாபுல் அஸ்ராரில் பொருள்கள், கருவிகள், செய்முறைகள் என்று மூன்றாகப் பிரித்து எழுதினார். நம் நோட்டுக்கும் அந்தப் பிரிவே போதும். பொருள்: எந்தக் கடைத் துணி, எத்தனை ஜிஎஸ்எம், எந்த இங்க், எந்தப் பேப்பர். கருவி: எந்த இயந்திரம், எந்த மூலை பலவீனம். செய்முறை: சூடு, நேரம், அழுத்தக் கைப்பிடி எத்தனை சுற்று, தேதி. தேர்ந்தெடுத்த துண்டை அந்தப் பக்கத்திலேயே பின் போட்டு வையுங்கள். துணியோ இங்க்கோ பேப்பரோ மாறினால் பழைய பக்கத்தை நம்பாமல் புதுப் பக்கம் தொடங்குங்கள்.

இதில் அமானிதமும் அடங்கியிருக்கிறது. வாடிக்கையாளர் தம் துணியை நம்மிடம் ஒப்படைக்கிறார். அது பருத்தி, நிற்காது என்று தெரிந்தால் ஆர்டர் போனாலும் சொல்லிவிட வேண்டும். சோதனைத் துண்டைக் காட்டி, அவர் சரி என்ற பிறகு தொடங்கினால் பின்னால் வாக்குவாதம் இல்லை.

வீட்டில் வைத்திருப்போர் கவனத்துக்கு

1,800 வாட் இயந்திரம் ஏறத்தாழ 8 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கிலோ நீட்டிப்பு ஒயரிலோ மாட்டாதீர்கள். எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் தனியாக வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெளிவரும் ஆவியைக் குனிந்து சுவாசிக்காதீர்கள். தட்டு அணைத்த பிறகும் வெகுநேரம் சுடும். தவழும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இயந்திரம் இருக்கும் அறைக்குக் கதவு இருக்க வேண்டும்.

நம் வட்டாரத்துக்கு இந்த முறை பொருத்தமானது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலையிழந்த குடும்பங்களை நாம் அறிவோம். நொய்யலில் கலந்த சாயநீர்தான் காரணம். நாம் செய்யும் அச்சில் துணியை முக்கவும் வேண்டாம், அலசவும் வேண்டாம். ஒரு அறையில், அமராவதிக்கு ஒரு சொட்டுச் சாயநீர் அனுப்பாமல் செய்யக்கூடிய தொழில் இது.

அந்தச் சகோதரி இயந்திரத்தைத் திருப்பித் தரவில்லை. நஷ்டத்தில் எங்கள் சீட்டுக்கும் பங்கு உண்டு என்பதால் அவருடைய தவணையைச் சில மாதங்கள் தள்ளி வைத்திருக்கிறோம். பெரியவர் பக்கத்தில் இருக்க, அவர் இரண்டு நாள் துண்டுச் சோதனை செய்தார். அவருடைய துணிக்கு, அவருடைய இயந்திரத்தில் வந்த அளவு 190 டிகிரி, 50 விநாடி. நாங்கள் எழுதிக் கொடுத்ததைவிடக் குறைவு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் கிரிக்கெட் அணிக்கு 11 ஜெர்சிகள் போட்டுக் கொடுத்திருக்கிறார். எதுவும் திரும்பி வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அவருடைய அளவைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது அவருடைய இயந்திரத்தின் அளவு. இனி ஹீட் பிரஸ்ஸுக்குக் கடன் கேட்டு வருபவர்களுக்கு நாம் சீட்டு எழுதித் தரப் போவதில்லை. ஒரு நோட்டும் ஒரு கட்டு வெட்டுத் துணியும் தருவோம். முதல் பத்துப் பக்கத்தை நிரப்பிக் கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்